நீங்கள் சோப்பு வைத்த இடத்தில் ஓட்டை இல்லை, மாமா

என் ஆசை மாமாவுக்கு,

ஆசை மாமா என்று எழுதிவிட்டதால் இளகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கோபமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எதிரில் இருந்தால் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, முதல் வாய் எடுத்து வைக்கிற நேரம் பார்த்துக் கேட்டிருப்பேன். அந்த வசதியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அதனால் எழுத்தில் கேட்கிறேன். இல்லாத ஓட்டைக்கு எதற்கு மாமா மூன்று வருஷம் சோப்பு வைத்தீர்கள்?

நமக்குள் இருக்கிற சங்கதி என்றால் அடுப்படியில் நின்று உங்கள் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் உங்கள் ஜீப்பைப் பற்றி ஊர் பேசிவிட்டது. டீக்கடையில் பேசினார்கள், பால் ஊற்றுகிற இடத்தில் பேசினார்கள். ஊர் பேசினதற்கு ஊர் படிக்கிற மாதிரிதான் பதில் எழுத வேண்டும். படிக்கட்டும்.

நீங்கள் போனது மாசியில். அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஜீப்பு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியிலேயே நின்றது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் டீசல் வாசம் வரும். உங்கள் சட்டை வாசம் அது. எதற்கு வம்பு என்று கொல்லைக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போனேன். நம் மகள் கயல் சென்னையிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், "வித்துடும்மா, நிக்க நிக்கத் துருதான் புடிக்கும்" என்பாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஆடிப்பெருக்கு கழிந்த மறுவாரம் உங்கள் தம்பி செல்வராசு வந்தான். கையில் முத்திரைத்தாள் இருந்தது. எல்லாம் அடித்துக் கொண்டுவந்துவிட்டான், கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"அண்ணி, அக்கரை நெலத்த இந்த சம்பாலேருந்து நான் பாத்துக்கிறேன். குத்தகைன்னு எழுதிக்கலாம். ஒங்களுக்கு நெல்லு வீட்டுக்கு வந்துரும். நீங்க நிம்மதியா இருங்க."

"நிம்மதியா இருந்து?"

"என்னா அண்ணி இப்பிடிக் கேக்குறீங்க? தரைப்பாலத்து மேல தண்ணி ஓடுது. அதத் தாண்டுனா ஒன்றரை மைலு களிமண்ணு. வெத மூட்டைய யாரு கொண்டு போவா? அண்ணனுக்கு ஜீப்பு இருந்திச்சு, போயிட்டு வந்தாரு. நீங்க தலையில வச்சிக்கிட்டா போவீங்க?"

அவன் கெட்டவன் இல்லை. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்களைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூன்று நாள் பல் துலக்காமல் என்கூட நின்றவன் அவன். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கெட்டவன் என்றால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். அன்பாகப் பேசிக்கொண்டே கையிலிருந்து பிடுங்குகிறவனை என்ன செய்வது?

அந்த ஏழு மா நிலம் எப்படி நிலமானது என்று ஊருக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, என் முழங்காலுக்கு இருக்கிறது. நாணலும் கோரையுமாகக் கிடந்ததை நீங்களும் நானும்தான் வெட்டினோம். கயலை வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கே நட்டேன். ஒரு தடவை குத்தகை என்று எழுதிக் கொடுத்தால் அந்த நிலம் எனக்குத் திரும்பாது. சண்டை போட்டு யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வருஷம் போகப் போக, யார் உழுகிறார்களோ அவர்களுடையது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். கடைசியில் நானும் நினைத்துக்கொள்வேன். அதுதான் எனக்குப் பயம்.

"ஜீப்பு இப்பவும் இருக்குல்ல, தம்பி?" என்றேன்.

சிரித்தான். "அது மூணு வருஷமா ஒழுகுற வண்டி அண்ணி. காயலாங்கடைக்குப் போட வேண்டியது."

எனக்குச் சுருக்கென்றது. "ஆவணி பொறக்கட்டும். நாத்தங்காலுக்கு வெதைய நானே அதுல ஏத்திக்கிட்டுப் போறேன். முடியலன்னா நீ நீட்டுற எடத்துல கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஆவணிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரைப் பார்த்தேன். ஒன்பது நாள்.

ஓட்டத் தெரியுமா உனக்கு என்று கேட்பீர்கள். ஒரு கோடையில் அறுத்த வயலில் வைத்து எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தீர்களே, மறந்துவிட்டதா? "கிளட்சு, கிளட்சு, அடி கிளட்சுடி!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்து போனது. வண்டியை வயல் நடுவில் நிறுத்திவிட்டு நான் இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டேன். அதற்குப் பிறகு சாவி என் கைக்கு வரவில்லை. ஆனால் கற்றது கற்றதுதானே. வாத்தியார் சரியில்லை என்பதால் பாடம் பொய்யாகிவிடுமா?

பூதலூரிலிருந்து மெக்கானிக் ஜமால் பாயைக் கூப்பிட்டேன். உங்கள்மேல் அவருக்கு எவ்வளவு மரியாதை! தார்ப்பாயை எடுத்ததும் தூசியைத் தன் துண்டாலேயே துடைத்தார். புது பேட்டரி போட்டு, டீசல் பில்டர் மாற்றி, கிளப்பிவிட்டார். ஜீப்பு இருமிக்கொண்டு எழுந்தது. அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். கீழே குனிந்து பார்த்தால் சொட்டு, சொட்டு, சொட்டு.

படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார். "டேங்க்கு போச்சும்மா. அடி மடிப்புல அரிச்சிருக்கு. அண்ணனே சோப்பு வச்சி அடைச்சி வச்சிருக்காரு பாருங்க. தரைப்பாலத்துல எங்கயோ கல்லுல குத்தியிருக்காரு."

"வெல்டிங் வச்சிப் பாக்கலாமா பாய்?" என்று செல்வராசு கேட்டான். அவன் ஏன் அங்கே நின்றான் என்று கேட்காதீர்கள், நின்றான்.

"டீசல் குடிச்ச டேங்க்குல நெருப்பு வைக்கச் சொல்றியா? எனக்குப் புள்ள குட்டி இருக்குப்பா. இந்த மாடலுக்கு வேற டேங்க்கும் கெடைக்காது. கொடுத்துருங்கம்மா."

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. கலியமூர்த்தி வேகமாக ஓட்டித் தரைப்பாலத்தில் டேங்க்கைக் குத்திவிட்டான், குத்தினதை யாருக்கும் சொல்லாமல் சோப்பை வைத்து மறைத்துவிட்டுப் போய்விட்டான் என்று. மறைத்தாராம்! உங்களை ஏதோ திருட்டு வேலை செய்தவர் மாதிரி பேசினார்கள். வேகமாக ஓட்டுவீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தரைப்பாலத்தில் மட்டும் நீங்கள் எப்படிப் போவீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் நான். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி அல்லவா போவீர்கள்!

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வாசல் பெருக்கி முடித்து ஜீப்புக்கு அடியில் பார்த்தேன். ஜமால் பாய் கிளப்பினபோது ஒழுகின கறை மண்ணில் இருந்தது. அது காய்ந்து கிடந்தது. புதுச் சொட்டு ஒன்றுகூட இல்லை. குச்சியை விட்டு அளந்தேன். டேங்க்கில் பாதிக்கு மேல் டீசல் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஐந்து மாதமாகத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றதே, தார்ப்பாயை எடுத்தபோதும் மண் காய்ந்துதானே கிடந்தது? அடியில் ஓட்டை இருக்கிற குடம் திண்டில் வைத்தாலும் ஒழுகும், இடுப்பில் வைத்தாலும் ஒழுகும். இது மட்டும் என்ன, வண்டி ஓடினால் ஒழுகுகிறது, நின்றால் நிற்கிறது?

அந்த நேரம் சரோஜா வந்தாள். ஊருக்குத் தெரியாதவளா? ஒரு காலத்தில் நம் வயலுக்கு நடவுக்கு வந்தவள், இன்றைக்கு எனக்குப் பக்கத்து வரப்பில் இரண்டு மா சொந்தமாக வைத்திருக்கிறவள். அக்கரையில் நான் பயிர் வைக்காவிட்டால் அவளுக்கும் துணை இல்லை, அதனால் என் ஜீப்பு அவளுக்கும் ஜீப்பு. விஷயத்தைச் சொன்னேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யக்கா, நண்டு வள அடைக்கத் தெரியுமா தெரியாதா ஒனக்கு?"

"ஏன் தெரியாம?"

"வரப்புல தண்ணி ஒழுகுனா, ஒழுகுற எடத்துல சேத்த அப்புவியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மாமா. அப்பினால் நிற்குமா? கீழ் வயலில் ஒழுகுகிற இடத்தில் எவ்வளவு சேறு அப்பினாலும் ராத்திரிக்குள் பிய்த்துக்கொண்டு போய்விடும். மேல் வயலுக்குள் இறங்கி, காலால் துழாவி, நண்டு போட்ட வாயைக் கண்டுபிடித்து அங்கே மிதிக்க வேண்டும். தண்ணீர் வெளியே வருகிற இடம் வேறு, உள்ளே நுழைகிற இடம் வேறு. இது நம் பக்கத்தில் வயலில் இறங்கின யாருக்கும் தெரியும். ஜமால் பாய்க்குத் தெரியாமல் இருக்கலாம், செல்வராசுவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனால் இரும்பு என்று வந்ததும் எல்லோரும் ஒழுகுகிற இடத்தில் சேற்றை அப்பிவிட்டீர்கள்!

செல்வராசுவும் பாயும் ஏன் அப்படிச் செய்தார்கள் என்றும் எனக்குப் புரிந்தது. கலியமூர்த்தி அண்ணனே அங்கே சோப்பு வைத்திருக்கிறார், அப்படியென்றால் ஓட்டை அங்கேதான். அதற்குமேல் யாரும் தேடவில்லை. உங்கள் மேல் இருக்கிற மரியாதை அவர்கள் கண்ணைக் கட்டிவிட்டது. நான் உங்களுடன் இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினவள். நீங்கள் தவறு செய்வீர்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்தேன். கையில் பழைய தோசைக்கரண்டி. டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே டேங்க்கின் அடி மடிப்பு, அதில் ஒரு முழ நீளத்துக்கு உங்கள் துணி சோப்பு, காய்ந்து மஞ்சளித்துப் போய். கரண்டியை வைக்கப் போனேன், கை நின்றுவிட்டது. சோப்பில் ஒரு குழி இருந்தது. நீங்கள் கட்டைவிரலால் அழுத்தின குழி. அதற்குள் ரேகை, வரி வரியாக, இப்போதுதான் எடுத்த மாதிரி.

உங்கள் சட்டைகளைத் துவைத்துவிட்டேன். செருப்பைக் கொடுத்துவிட்டேன். இது ஒன்று இப்படி ஒளிந்திருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? படுத்தபடியே அழுதேன். கண்ணீர் காதுக்குள் போனது.

"என்னக்கா, தூங்கிட்டியா அடியில?" என்று சரோஜா குனிந்தாள். பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வுட்டுடலாமா யக்கா? வேற எடமாப் பாப்போமா?" என்றாள்.

விட்டுவிடலாம்தான். ரேகை இருக்கும், நிலம் போய்விடும். அந்த ரேகையை வைத்து நான் என்ன செய்வது மாமா? காயலாங்கடைக்காரன் அதைத் தூக்கி லாரியில் போடுவதைப் பார்க்கவா? பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினேன். ஒரே இழுப்பு. கட்டியாகப் பெயர்ந்து என் கழுத்தில் விழுந்தது.

அதற்கு அடியில் என்ன இருந்தது தெரியுமா? பெயிண்ட். பச்சை பெயிண்ட், கீறல்கூட இல்லாமல். துரு இல்லை, நசுங்கல் இல்லை, கல் குத்தின தடம் இல்லை. கல்யாணப் பெண் கன்னம் மாதிரி இருந்தது உங்கள் டேங்க்கு!

"குத்தலடீ!" என்று அடியிலிருந்தே கத்தினேன். "எங்க மாமா எங்கயும் குத்தல!" மாட்டுக்கொட்டகையில் மாடு மிரண்டுவிட்டது.

பிறகு எங்கேதான் ஒழுகுகிறது? டேங்க்கை உங்கள் பழைய வேட்டியால் ஈரம் போகத் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் எது பழைய கறை எது புதுக்கறை என்று ஒன்றும் தெரியவில்லை. சரோஜாதான் வாசலுக்கு ஓடிக் கோலமாவு டப்பாவைத் தூக்கி வந்தாள். டேங்க்கின் அடியிலும் பக்கத்திலும் எட்டின இடமெல்லாம் கோலமாவைப் பூசினோம். ஈரம் பட்டால் மாவு கறுக்கும், மறைக்க முடியாது. அரை மணி நேரம் காத்திருந்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அப்புறம் சரோஜாவை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சாவியைத் திருகச் சொன்னேன்.

"யக்கா, வண்டி என் மேல ஏறாதுல்ல?"

"நியூட்ரல்ல இருக்கு, திருகுடி."

கிளம்பியது. நான் அடியில் கண்ணை இமைக்காமல் படுத்திருந்தேன். பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு டேங்க்கின் பக்கவாட்டில், மேலே, மாவில் ஒரு புள்ளி கறுத்தது. புள்ளி கோடாயிற்று. கோடு மெதுவாக இறங்கி, வளைந்து, நீங்கள் சோப்பு வைத்த அதே இடத்துக்கு வந்து, சொட்டென்று விழுந்தது. மேலேயிருந்து வந்தது மாமா! அடியில் இல்லை, மேலே!

சீட்டைக் கழற்றினோம். போல்ட்டு இரண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. சரோஜா அவற்றை என்னென்னவோ திட்டினாள், அதை இங்கே எழுத முடியாது. டேங்க்கின் மேலே இரண்டு ஓஸ் போகிறதல்லவா? ஒன்று டீசலை எஞ்சினுக்கு எடுத்துப் போவது, இன்னொன்று மிஞ்சின டீசலை டேங்க்குக்குத் திருப்பிக் கொண்டுவருவது. திரும்பி வருகிற அந்த ரப்பர் ஓஸ், டேங்க்கில் மாட்டுகிற இடத்தில் அறுந்து வாயைத் திறந்து கிடந்தது. எஞ்சின் ஓடினால்தான் அதில் டீசல் வரும். எஞ்சின் நின்றால் மிச்சம் வடிந்து நின்றுபோகும். வழிந்தது எல்லாம் டேங்க்கின் மேலே ஓடி, பக்கத்தில் இறங்கி, அடி மடிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

ஓஸ் எதனால் அறுந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அங்கே கிளிப்பு போட வேண்டும். கிளிப்பு இருந்த இடத்தில் கட்டுக்கம்பி இருந்தது. மூன்று சுற்று சுற்றி, குறட்டால் முறுக்கி, முனையை உள்ளே மடக்கிவிட்ட கட்டுக்கம்பி. அந்த முறுக்கு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? நம் வீட்டு வேலிப்படல், கொட்டகைக் கதவு, கயலின் சைக்கிள் கூடை என்று எல்லாவற்றிலும் அதே முறுக்குத்தானே இருக்கிறது. உலகத்தில் எதையும் கட்டுக்கம்பியால் நிறுத்திவிடலாம் என்று ஒரு ஆள் இருந்தார். அந்தக் கம்பிதான் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தது. ஆக, ஓட்டை போட்டதும் நீங்கள், ஓட்டை இல்லாத இடத்தை அடைத்ததும் நீங்கள். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் என்ன? கேட்க மாட்டீர்கள். பெண்டாட்டிக்கு ஜீப்பைப் பற்றி என்ன தெரியும்!

மறுநாள் டவுன் பஸ்ஸில் பூதலூர் போய் ஜமால் பாய் கடையிலேயே ஒரு முழம் டீசல் ஓஸ், நாலு கிளிப்பு கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"மாவிளக்கு போடத்தான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நானே மாட்டினேன், நானே முறுக்கினேன். ஸ்குரூ டிரைவர் வழுக்கி உள்ளங்கையில் குத்தியது, பரவாயில்லை. கேனில் டீசல் வாங்கிக் கழுத்து வரை ஊற்றினேன். குறைவாக இருந்ததால் ஒழுகவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

ஆவணி பிறந்தது. காலையில் ஜீப்பைக் கழுவி வாசலுக்குக் கொண்டுவந்தேன். செல்வராசு முத்திரைத்தாளோடு சொன்ன வாக்குக்கு வந்து நின்றான். ஜமால் பாயும் வந்துவிட்டார். மாவிளக்கு அவரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. தெருவில் பாதிப்பேர் வேலைக்குப் போகாமல் நின்றார்கள்.

"கொடு தம்பி அத" என்று முத்திரைத்தாளை வாங்கினேன். குனிந்து, டேங்க்குக்கு நேர் கீழே தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தேன்.

"என்னா அண்ணி பண்றீங்க?"

"எஞ்சின் அரை மணி நேரம் ஓடட்டும். இதுல ஒரு சொட்டு டீசல் விழுந்தா, விழுந்த எடத்துலயே கையெழுத்துப் போடுறேன். விழலன்னா நீ இத மடிச்சி எடுத்துக்கிட்டுப் போகணும். சம்மதமா?"

சரி என்றான். கிளப்பிவிட்டேன். கிளிப்பைச் சரியாக முறுக்கினேனா, போதுமா, கொஞ்சம் கூடிப்போய் ரப்பர் பிசகியிருக்குமா என்று நூறு யோசனை. வெளியே மட்டும் மகாராணி மாதிரி நின்றேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். பட்டென்று தாளில் ஒரு சொட்டு விழுந்தது.

தெருவே குனிந்தது. "வுழுந்திரிச்சி!" என்று யாரோ சொன்னார்கள். என்னால் நகர முடியவில்லை. செல்வராசுதான் ஜீப்புக்கு அடியில் கையை விட்டான். சொட்டை விரலால் தொட்டான். தேய்த்தான். மூக்கில் வைத்தான். அவன் டீசல் என்று சொல்லியிருந்தால் அந்தக் கூட்டத்தில் நான் என்ன பண்ணியிருப்பேன்? நிலம் அவன் விரல் நுனியில் இருந்தது. மறுபடியும் மோந்தான்.

"தண்ணி" என்றான். "காலையில வண்டி கழுவுனீங்களா அண்ணி? தண்ணிதான்."

உங்கள் தம்பியை இதுவரை நிறையத் திட்டியிருக்கிறேன். இதையும் எழுதி வைக்கிறேன், ஊர் தெரிந்துகொள்ளட்டும். அவன் பொய் சொல்லவில்லை.

அரை மணி நேரமும் முடிந்தது. வேறு சொட்டு விழவில்லை. ஜமால் பாய் சீட்டைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். அறுந்த ஓஸையும் உங்கள் கட்டுக்கம்பியையும் எடுத்து நீட்டினேன். கம்பியைக் கையில் உருட்டிக்கொண்டே தலையைத் தலையை ஆட்டினார். "நான் மேல பாக்கவே இல்லம்மா. சோப்பப் பாத்தேன், நம்பிட்டேன்" என்றார்.

செல்வராசுவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "அண்ணன் வச்ச சோப்ப சொரண்டிட்டீங்களா?" என்று கேட்டான். கோயில் சிலையில் கை வைத்துவிட்ட மாதிரி கேட்டான்.

"சொரண்டிட்டேன்."

"அண்ணனுக்குத் தெரியாதா அண்ணி, எங்க ஒழுகுதுன்னு?"

"தெரியாது தம்பி. அவரு இருந்திருந்தா இன்னக்கிம் சோப்புதான் வச்சிக்கிட்டு இருப்பாரு."

முதலில் சரோஜா சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. செல்வராசுவும் சிரித்துவிட்டான், சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தான். தாளை மடித்து அவன் சட்டைப்பையில் நானே வைத்தேன். "நாத்தங்காலு உழவுக்கு டிராக்டர் வேணும்னா சொல்லுங்க" என்றான். கூப்பிடுகிறேன், கூப்பிட்டால் வா என்றேன். கூப்பிடாமல் வரக் கூடாது என்பது அவனுக்குப் புரிந்திருக்கும்.

விதை மூட்டையை ஏற்றி, சரோஜாவை ஏற்றிக் கிளம்பினேன். வெண்ணாற்றங்கரையில் ஒரு தடவை எஞ்சின் அணைந்துபோனது. தரைப்பாலத்தில் தண்ணீர் சக்கரத்தில் பாதிக்கு இருந்தது. அங்கே நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டேன். போட்டதும் வண்டி ஒரு முறை உறுமியது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து "கிளட்சு" என்று கத்தவில்லை. அந்தச் சத்தம் இல்லாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஓட்டிக்கொண்டே அழுதேன். சரோஜா என்னைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவளுக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

விதை விட்டாகிவிட்டது. இதை எழுதுகிற நேரம் நாற்று ஒரு விரல் உயரம் நிற்கிறது. கரையில் ஜீப்பு நிற்கிறது. தினமும் போகிறேன், தினமும் வருகிறேன்.

இப்போது ஊரில் பேச்சு மாறிவிட்டது. கலியமூர்த்தி மாதிரி உண்டா, தப்பே செய்யாத மனுஷன், அவரைப் போய் சந்தேகப்பட்டோமே என்கிறார்கள். அன்றைக்குக் குத்தினான் என்றார்கள், இன்றைக்குச் சாமியாக்குகிறார்கள். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. சாமியோடு நான் குடும்பம் நடத்தவில்லை. கட்டுக்கம்பிக்காரரோடு நடத்தினேன்.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாமா. அக்கரை நிலத்தை உயிர் இருக்கிற வரைக்கும் நானே பயிர் வைப்பேன். நீங்கள் செய்யாத தவறை யார் உங்கள்மேல் போட்டாலும் வாசலில் நிறுத்திக் கேட்பேன். நீங்கள் செய்த தவறுகளை ஒன்று விடாமல் நானே சொல்வேன், தினமும் சொல்வேன், நீங்கள் பதில் சொல்லாவிட்டாலும் சொல்வேன். உங்களோடு சண்டை போடுகிற உரிமை என்னுடையது. அதை மட்டும் ஒருத்தருக்கும் குத்தகைக்கு விட மாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் செத்தும் உங்களை விடாத
உங்கள் அத்தை மகள், உங்கள் பெண்டாட்டி
மல்லிகா